தாரகன் கழுத்தில் பதக்கம், தணிகையான் மார்பில் தழும்பு

ஓம் சரவணபவ!
தணிகைமலை முருகனுக்கு அரோகரா!



போன கிருத்திகைப் பதிவுக்கு அப்புறம் நம்ம குரூப்பில் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல ஒரே விஷயம்தான். "அண்ணா, வேல் டாலர் போடலாமா?" "வெள்ளியா, ஐம்பொன்னா, எது நல்லது?" "அசைவம் சாப்பிடற அன்னைக்குக் கழட்டி வைக்கணுமா?" "பொண்ணுங்க போடலாமா?" "ஆபீஸ்ல கழுத்துல வேல் தெரிஞ்சா ஒரு மாதிரி பாக்கறாங்க, உள்ளே விட்டுக்கலாமா?" தனித்தனியா பதில் டைப் பண்றதுக்குப் பதிலா, இந்தக் கிருத்திகைக்கு உலோகத்தை உடம்பில் அணிவது பத்தியே பேசிடலாம்னு உட்கார்ந்தேன். கடைசியில எல்லாக் கேள்விக்கும் பதில் இருக்கு. ஆனா நேரா கடைசிக்குப் போயிடாதீங்க. நடுவுல நம்ம தணிகையான் இருக்கார், அவரைப் பார்த்துட்டுப் போங்க.

முதல்ல கே.ஜி.கண்டிகைங்கற எங்க ஊர்ப் பேர்ல இருந்து ஆரம்பிக்கறேன். திருத்தணி பக்கம் வந்தவங்களுக்குத் தெரியும், இங்க 'கண்டிகை'ன்னு முடியற ஊர்கள் நிறைய. நிலப்பகுதி, குடியிருப்புங்கற பொருள்ல வந்த பேர் அது. அதே கண்டிகைங்கற சொல்லுக்குத் தமிழ்ல இன்னொரு பொருளும் உண்டு. கழுத்தணி. ருத்ராட்ச மாலைக்கும் கண்டிகைன்னு பேர். ஊர்ப் பேருக்குள்ளயே ஒரு நகை ஒளிஞ்சிருக்குன்னு தெரிஞ்ச நாள்ல இருந்து பஸ் போர்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தோஷம்.

யோசிச்சுப் பாருங்க, நாம எல்லாருமே கழுத்துல ஏதோ ஒண்ணைப் போட்டுட்டுத்தான் திரியறோம். நான் சாஃப்ட்வேர் வேலையில இருக்கேன். திங்கள் முதல் வெள்ளி வரைக்கும் என் கழுத்துல ஐடி கார்டு தொங்கும். அதைப் பார்த்ததும் செக்யூரிட்டி கேட்டைத் திறப்பார். 'நான் இன்னாருடைய ஆள்'னு சொல்றதுதான் கழுத்துல போடற எல்லாத்துக்கும் வேலை. தாலியும் அதைத்தான் சொல்லுது, ருத்ராட்சமும் அதைத்தான் சொல்லுது. அப்போ வேல் டாலர் போட்டா என்ன சொல்றோம்? 'நான் முருகனுடைய ஆள்'. சொல்லிட்டோம் சரி. அவர் ஆள்னா எப்படி இருக்கணும்? கேள்வி இங்கதான் தொடங்குது.

ஒரே சக்கரம், ரெண்டு மார்பு

இப்போ கதைக்கு வரேன். தாரகாசுரனை உங்களுக்குத் தெரியும். சூரபத்மனுடைய தம்பி, யானை முகம் கொண்டவன். அவனோட நடந்த போர்ல மகாவிஷ்ணு தன் சக்கரத்தையே விட்டுப் பார்த்தார். தேவர்கள் எல்லாரும் நம்பியிருந்த கடைசி ஆயுதம் அது. என்ன ஆச்சு? அந்தச் சக்கரம் அவனை வெட்டலை. அவன் கழுத்துல போய் ஒரு ஆபரணம் மாதிரி உட்கார்ந்துகிச்சு. வடமொழியில காளிதாசர் எழுதின குமாரசம்பவத்துல, தேவர்கள் பிரம்மாகிட்ட போய் அழும்போது இந்த அவமானத்தைத்தான் சொல்லி அழறாங்க: எங்க நம்பிக்கையே அவனுக்குக் கழுத்து நகையாப் போச்சேன்னு.

அந்தக் காட்சியைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. பளபளன்னு சுத்தற ஒரு சக்கரம். அதை விட அழகான நகை மூணு லோகத்துலயும் இருந்திருக்காது. அவன் அதைப் போட்டுட்டுத் திரிஞ்சான். யார்கிட்ட இருந்து பிடுங்கினேன் பார்த்தியாங்கறதுக்காகவே திரிஞ்சான்.

அப்புறம் நம்ம முருகன் போருக்கு வந்தார். தாரகன் அதே சக்கரத்தைக் கழட்டி அவர் மேல வீசினான். தணிகைத் தல வரலாறு என்ன சொல்லுதுன்னா, முருகன் விலகலை. வேலால தட்டி விடவும் இல்லை. நெஞ்சைக் கொடுத்து வாங்கிக்கிட்டார். சக்கரம் மார்புல பதிஞ்சது. பதிஞ்ச இடத்துல ஒரு பள்ளம் விழுந்தது. அந்தத் தடம் இன்னைக்கும் திருத்தணி மூலவர் திருமார்புல இருக்கிறதா ஐதீகம். பிறகு மகாவிஷ்ணு தணிகைக்கு வந்து முருகனை வழிபட்டார். சக்கரத்தை அவர்கிட்டயே திருப்பிக் கொடுத்துட்டார் நம்ம சாமி.

இப்போ கவனிங்க. சக்கரம் ஒண்ணுதான். அதே உலோகம், அதே வட்டம், அதே ஒளி. தாரகன் கழுத்துல அது பதக்கம். தணிகையான் மார்புல அது தழும்பு. ஒருத்தன் அடுத்தவனோட பொருளைத் தன் அழகுக்காக மாட்டிக்கிட்டான். ஒருத்தர் அடுத்தவர் பட வேண்டிய அடியைத் தன் மேல வாங்கி, பொருளை உரியவர்கிட்ட சேர்த்துட்டு, வெறும் தடத்தை மட்டும் தனக்குன்னு வெச்சுக்கிட்டார். பதக்கத்தோட திரிஞ்சவன் அசுரன். தழும்போட நிக்கறவரை நாம 365 படி ஏறிப் போய்க் கும்பிடறோம்.

திருத்தணி சந்தனத்துக்குத் தனிப் பெருமை உண்டுன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. இந்திரன் கொடுத்ததாகச் சொல்ற கல்லுல அரைச்ச சந்தனம். பக்தர்கள் அதை நெத்தியில வைக்கிறதை விட, தண்ணில கரைச்சுக் குடிக்கறதுதான் வழக்கம். நோய் தீரும்னு நம்பிக்கை. எனக்கு அதுல ஒரு அர்த்தம் தோணும். காயம் பட்ட நெஞ்சுக்குப் பூசின குளிர்ச்சி அது. அவர் பட்ட காயத்துல இருந்து நமக்கு மருந்து வருது.

பத்தர் கடையில் படிச்ச பாடம்

நான் படிச்சது மெக்கானிக்கல், செய்யறது சாஃப்ட்வேர். நம்ம குரூப்லயே இந்த ஜாதகம் நிறைய பேருக்கு இருக்கும், சிரிக்காதீங்க. காலேஜ்ல உலோகவியல் பேப்பர்ல ஒரு பாடம் வரும். பரீட்சைக்காக மனப்பாடம் பண்ணி எழுதினேன். அது கண்ணு முன்னாடி நடந்து பார்த்தது திருத்தணியில ஒரு பத்தர் கடையில.

வெள்ளிக் கம்பி இழுத்துட்டிருந்தார் அந்தப் பெரியவர். கம்பி அச்சுன்னு ஒரு இரும்புத் தகடு இருக்கும். அதுல பெரிசுல இருந்து சின்னது வரைக்கும் வரிசையா ஓட்டை. பெரிய ஓட்டையில கம்பி முனையை விட்டு அந்தப் பக்கம் குறடால பிடிச்சு இழுக்கணும். அப்புறம் அடுத்த சின்ன ஓட்டை. கம்பி மெலிஞ்சுகிட்டே போகும். நாலஞ்சு தடவை இழுத்தவர் சட்டுனு நிறுத்திட்டார். கம்பியைச் சுருட்டி அடுப்புல காட்டி, சிவக்க விட்டு, எடுத்து ஆற வெச்சார். திரும்ப இழுத்தார். திரும்ப நிறுத்தினார். "ஏங்க ஐயா, ஒரே மூச்சுல இழுத்துட்டா என்ன?"ன்னு கேட்டேன். தலையைத் தூக்காமலே சொன்னார்: "சூடு காட்டி ஆத்தாம இழுத்தா அறுந்துடும் தம்பி. அடி வாங்க வாங்க முறுக்கிக்கும். முறுக்கிக்கிட்டது நகைக்கு ஆகாது."

நாங்க படிச்ச பாடம் இதேதான். உலோகத்தைத் தட்டத் தட்ட, இழுக்க இழுக்க, உள்ள அணுக்கள் வரிசையா அடுக்கி நிக்கற இடத்துல சிக்கல் விழுது. சிக்கல் சேரச் சேர உலோகம் இறுகுது. பார்க்க உறுதியானது மாதிரி இருக்கும். ஆனா இன்னும் ரெண்டு அடி போட்டா விரிசல் விட்டுடும். அப்போ அதைச் சரியான அளவுக்குச் சூடு பண்ணி, ஆற விடணும். உள்ள இருக்கற சிக்கல் அவிழ்ந்து, புதுசா அடுக்கிக்கும். திரும்ப மென்மையாயிடும். அதுக்கு அப்புறம்தான் அடுத்த அடிக்குத் தயார். இதுக்கு அனீலிங்னு பேர். தங்கம், வெள்ளி, செம்பு எதுல தகடு தட்டினாலும், கம்பி இழுத்தாலும், நடுநடுவுல இது இல்லாம நுணுக்கமான நகை வராது.

உலோகத்தோட அழகு எங்க இருந்து வருதுன்னு கேட்டா, நிறைய பேர் அடியில இருந்துன்னு சொல்வாங்க, நெருப்புல இருந்துன்னு சொல்வாங்க. மேடைப் பேச்சுல எல்லாம் 'சுடச் சுடத்தான் பொன்'னு முடிச்சிடறாங்க. மூணாவதா ஒண்ணு இருக்கு, அதை விட்டுடறாங்க. ஆறுதல். ஆற விடுதல். தணிதல்.

தணி! நம்ம ஊர்ப் பேரே அதுதானே சொந்தங்களே!

சூரனை வென்றாச்சு, போர் முடிஞ்சாச்சு. அந்தக் கோபத்தோட அப்படியே முருகன் இருந்திருக்கலாம். யார் கேட்கப் போறாங்க, ஜெயிச்சவர் அவர். ஆனா சினம் தணிய அவர் வந்து அமர்ந்த இடம் இந்த மலை. அதனாலதான் தணிகை. ஆறுபடை வீட்டுல இது ஐந்தாம் படை வீடு. மத்த முருகன் கோயில்கள்ல கந்த சஷ்டிக்குச் சூரசம்ஹாரம் நடக்கும். திருத்தணியில நடக்காது. அன்னைக்கு இங்க சாமிக்குப் புஷ்பாஞ்சலி, பூக்களால அர்ச்சனை. உலகமே போரைக் கொண்டாடுற நாள்ல இந்த மலையில கூடை கூடையா பூ. வள்ளியைத் திருமணம் செஞ்சதும் இங்கதான்னு தல வரலாறு. அடி வாங்கினவர், தீயில நின்னவர், ஆறி அமர்ந்து மணக்கோலம் பூண்ட இடம். பத்தர் சொன்ன வரிசை அப்படியே இருக்கு பாருங்க. அடி, சூடு, ஆறுதல், அதுக்கப்புறம்தான் அணி.

தணிந்ததுதான் அணி ஆகும். இந்தப் பதிவுல ஒரே ஒரு வரி ஞாபகம் வெச்சுக்கணும்னா இதை வெச்சுக்கோங்க.

நமக்கு முன்னாடி அணிஞ்சவங்க

முருகன் அடியார்கள் உலோகத்தை உடம்பில் அணியறது இன்ஸ்டாகிராம் வந்தப்புறம் வந்த பழக்கம் இல்லை. தூத்துக்குடி மாவட்டத்துல, தாமிரபரணிக் கரையில ஆதிச்சநல்லூர் இருக்கு. 1876-இல் ஜாகோர்ங்கற ஜெர்மானியர் அங்க தோண்டிப் பார்த்தார். அதுக்கு அப்புறம் 1899-இல் இருந்து 1905 வரைக்கும் அலெக்சாண்டர் ரீ பெரிய அளவில் அகழாய்வு பண்ணினார். தாழிகளோட என்னென்ன கிடைச்சது தெரியுமா? நெற்றியில கட்டிக்கற மெல்லிய தங்கப் பட்டங்கள். இரும்பு வேல்கள். வெண்கலத்துல சேவல் உருவங்கள். வேலும் சேவலும் சேர்ந்து இருக்கறதைப் பார்த்த ஆய்வாளர்கள் சிலர், இது முருக வழிபாட்டோட ஆதி வடிவமா இருக்கலாம்னு எழுதினாங்க. அங்க கிடைச்ச வாய்த்தகடுகளை, காவடி எடுக்கறவங்க வாயில கட்டற வாய்ப்பூட்டோட ஒப்பிட்டவங்களும் உண்டு. பல நூற்றாண்டு கழிச்சும் அந்த மண்ணுல அழியாம நின்னது உலோகம்தான்.

வாய்ப்பூட்டை இப்போ நிறைய பேர் பார்த்திருக்க மாட்டீங்க. காவடி எடுக்கறவர் மௌன விரதம் இருக்கறதுக்காக, வாயைச் சேர்த்துக் கட்டிக்கற வெள்ளிப் பட்டை. வீட்டுல இருந்து கிளம்பும்போது பூட்டினா, சாமி சன்னதியிலதான் திறப்பாங்க. நான் பார்த்த உலோக அணிகள்லயே என்னை ரொம்ப யோசிக்க வெச்சது இதுதான். உலகத்துல எல்லா நகையும் 'என்னைப் பாரு'ன்னு பேசும். பேசாம இருக்கறதுக்காகவே ஒரு நகை, அதுவும் வெள்ளியில, அழகா வேலைப்பாடு செஞ்சு! நம்ம பெரியவங்க யோசனையைப் பாருங்க.

கடல் தாண்டிப் போன தமிழர்களும் இதை விடலை. சிங்கப்பூர்ல தைப்பூசத்துக்கு சிராங்கூன் சாலை ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயில்ல இருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலுக்குக் காவடி வரும். மலேசியாவுல பத்துமலை. 2006-இல் திறந்த 42.7 மீட்டர் முருகன் சிலை வாசல்ல நிக்க, 272 படி ஏறிப் போவாங்க. அங்க எடுக்கற அலகுக் காவடியைப் படத்துல பார்த்திருப்பீங்க. உலோகச் சட்டம், மயில் பீலி, சின்னச் சின்ன வேல், உடம்பைச் சுத்தி ஒரு கோயில் கோபுரமே நிக்கற மாதிரி. ஒவ்வொண்ணும் ஒரு கலைப் படைப்பு. போட்டோ எடுக்கறவங்களுக்கு அது அழகு. தூக்கறவருக்கு அது பாரம். விரதம் இருந்து, உடம்பையும் மனசையும் பக்குவப்படுத்திட்டுத்தான் அதைத் தோளில் ஏத்துவாங்க. கோயில்ல இறக்கி வெச்சுட்டு வெறுங்கையோட வீட்டுக்குப் போவாங்க.

நகைன்னு சொன்னா நாகர்கோவில் வடசேரியைச் சொல்லாம இருக்க முடியாது. அங்க செய்யற கோயில் நகைக்குப் புவிசார் குறியீடே இருக்கு. வெள்ளியில அடிப்படை, மேல தங்கத் தகடு, சிவப்புக் கெம்புக் கல். நெற்றிச்சுட்டி, சூரியப் பிரபை, சந்திரப் பிரபை, ராக்கொடி, ஜடைநாகம், ஒட்டியாணம். சாமிக்குச் செய்ய ஆரம்பிச்ச நகை இது. பிறகு பரதநாட்டியம் ஆடறவங்களுக்கும் வந்தது. சாமி போட்டதை மனுஷங்க போடறாங்க. அதுல தப்பே இல்லை. சாமிக்குன்னு செஞ்ச கை, மனுஷனுக்குச் செய்யும்போதும் அதே பயபக்தியோட செய்யும். போடறவங்களுக்கும் அந்தப் பயபக்தி கொஞ்சம் ஒட்டிக்கணும், அவ்வளவுதான்.

கயித்துல இருந்தப்பவும் தாலிதான்

எங்க வீட்டு விஷயம் ஒண்ணு சொல்றேன். அப்பா விசைத்தறி ஓட்டினவர். நான் ரெண்டாம் வருஷம் இன்ஜினியரிங் படிக்கும்போது தறி வேலை ரொம்பக் குறைஞ்சு போச்சு. ஃபீஸ் கட்டக் கடைசி தேதி நெருங்கிட்டிருந்தது. ஒருநாள் காலேஜ்ல இருந்து வந்து பார்த்தா அம்மா கழுத்துல தாலிச் சங்கிலி இல்லை. மஞ்சள் கயிறு, அதுல ஒரு விரலி மஞ்சள். நான் பார்க்கறதைப் பார்த்துட்டு, "சாப்பிட்டியாடா?"ன்னு மட்டும் கேட்டாங்க. நானும் எதுவும் கேட்கலை.

மூணு வருஷத்துக்கு மேல அந்தக் கயிறு இருந்தது. கல்யாண வீட்டுக்குப் போனா முந்தானையை இழுத்து மூடிப்பாங்க. மாசா மாசம் கிருத்திகைக்குப் படி ஏறும்போது மட்டும் மூட மாட்டாங்க. அங்க மூடி என்ன ஆகப் போகுதுன்னு நினைச்சாங்களோ என்னவோ. வேலைக்குப் போய் முதல் ஆறு மாசச் சம்பளத்துல சேர்த்து அடகுக் கடையில இருந்து சங்கிலியை மீட்டுக் கொண்டு வந்தேன். நேரா மலைக்குப் போய், சன்னதியில வெச்சு வாங்கிப் போட்டுக்கிட்டாங்க. இறங்கும்போது "இப்பதாம்மா கழுத்து நிறைஞ்சிருக்கு"ன்னு நான் சொன்னேன். அம்மா சொன்னது: "கயித்துல இருந்தப்பவும் அது தாலிதான்டா."

சொந்தங்களே, தணிகையான் மார்புத் தழும்பு பத்தி எத்தனையோ உபந்நியாசம் கேட்டிருக்கேன். எனக்கு அது புரிஞ்சது அந்தப் படிக்கட்டுலதான். அடுத்தவருக்காக ஒருத்தர் தன் மேல வாங்கிக்கிட்ட அடி, வெளியே பார்க்கறவங்களுக்கு வெறும் பள்ளமாத் தெரியும். காலியாத் தெரியும். அதை விடப் பெரிய ஆபரணம் கிடையாது. இதைப் படிக்கற உங்க வீட்டுலயும் யாரோ ஒருத்தர் கழுத்து, யாரோ ஒருத்தர் கை, காது, உங்க படிப்புக்காகவோ மருந்துக்காகவோ காலியா இருந்திருக்கும். வேல் டாலர் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை அந்தக் கழுத்தை நினைச்சுக்கோங்க.

இதையும் சொல்லியே ஆகணும். கழுத்துல வேல், கையில வேல் டாட்டூ, டிபியில வேல். அதே கை கமெண்ட்ல யாரோ ஒரு தெரியாத மனுஷனோட அம்மாவை இழுத்துத் திட்டுது. முருகனுக்காகத்தான் சண்டை போடறோம்னு சொல்றாங்க. அந்த நேரத்துல அந்த வேல், தாரகன் கழுத்துச் சக்கரம்தான். யாருக்குச் சொந்தமான ஒளியையோ மாட்டிக்கிட்டுத் திரியறோம். நம்ம சாமி ஜெயிச்ச பிறகு கூடத் தணிஞ்சவர். நாம இன்னும் எதையுமே ஜெயிக்கலை, அதுக்குள்ள என்ன சூடு?

இனி உங்க கேள்விகளுக்கு

எந்த உலோகம்? உங்களால என்ன முடியுமோ அது. செம்பு வேலுக்கும் தங்க வேலுக்கும் முருகன்கிட்ட வித்தியாசம் இல்லை. தங்கத்தை மட்டும் உசத்தின்னு நினைக்கறவங்களுக்கு ஒரு தகவல்: 916 நகைன்னா அதுல 91.6 சதவீதம்தான் தங்கம். மிச்சம் செம்பு, வெள்ளி மாதிரி வேற உலோகம். சுத்தத் தங்கம் ரொம்ப மென்மை. தனியா நின்னா வளைஞ்சு போகும், கல் பிடிக்காது. பக்கத்துல சாதாரணச் செம்பு சேர்ந்து தாங்கினாத்தான் அது நகையா நிக்கும். யாரையும் சாதாரணம்னு ஒதுக்காதீங்கன்னு தங்கமே சொல்லுது.

ஐம்பொன் போட்டா அதிர்ஷ்டமா? சுவாமிமலை ஸ்தபதிகள் சாமி வார்க்கற பஞ்சலோகத்துல செம்புதான் பெரும்பகுதி. பித்தளை, ஈயம் கொஞ்சம், வெள்ளியும் தங்கமும் சிறு அளவு. மெழுகுல உருவம் செஞ்சு, மேல காவிரி வண்டல் பூசி, சூடு காட்டினா மெழுகு உருகி வெளியேறிடும். அது காலி பண்ணின இடத்துலதான் உலோகம் போய் நிறையும். மெழுகு போனாத்தான் சாமி வருவார், அதை நினைச்சு ஐம்பொன் போடுங்க. 'இந்த மோதிரம் போட்டா ஏழு நாள்ல வேலை'ன்னு வர விளம்பரத்தை நினைச்சுப் போடாதீங்க. ஆன்லைன்ல ரொம்ப மலிவா வர 'ஐம்பொன்'ல என்ன கலந்திருக்குன்னு தெரியாது. நிக்கல் இருந்தா சிலருக்குத் தோல்ல அரிப்பு வரும். ஈயம் கலந்ததைக் கைக்குழந்தைக்குக் கட்டவே கட்டாதீங்க, குழந்தை வாயில வைக்கும். தங்கம் வாங்கினா ஹால்மார்க்கோட இருக்கற ஆறு எழுத்து எண்ணை பிஐஎஸ் கேர் ஆப்ல போட்டுச் சரி பாருங்க. பக்தி வேற, ஏமாறுறது வேற.

அசைவம் சாப்பிடற அன்னைக்கு? உங்க வீட்டு வழக்கம் என்னவோ அதைச் செய்யுங்க. கழட்டி வைக்கற வீடுன்னா மரியாதையாக் கழட்டிப் பூஜை அறையில வைங்க. இல்லைன்னா மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க. வள்ளி வேடர் வீட்டுல வளர்ந்த பொண்ணு. தேடிப் போனது நம்ம சாமிதான்.

பொண்ணுங்க போடலாமா? சூரனை வெல்ல அந்த வேலைக் கொடுத்ததே அம்மா பராசக்தி. வேறென்ன சொல்ல? தாராளமாப் போடுங்க.

ஆபீஸ்ல தெரியலாமா? தெரிஞ்சாலும் சரி, சட்டைக்குள்ள இருந்தாலும் சரி. உள்ள இருந்தா நெஞ்சைத் தொட்டுட்டே இருக்கும், அதுவும் நல்லதுதான். ஆனா ஒண்ணு, வெளியே தெரியற மாதிரி போட்டா பொறுப்பு கூடும். நாலு பேர் முருகனை உங்களை வெச்சுத்தான் அளப்பாங்க.

பழசானா, கறுத்துட்டா? வெள்ளி கறுக்கறது தோஷம் இல்லை, காத்துல இருக்கற கந்தகத்தோட சேர்றதால வர்றது. 'கண் பட்டுடுச்சு'ன்னு பயப்படாதீங்க. மென்மையான துணியால துடைச்சுப் போட்டுக்கோங்க. துடைக்கற அஞ்சு நிமிஷமும் சரவணபவ சொல்லுங்க, அதுவே பூஜை.

வாங்க வசதி இல்லைன்னா? இதைக் கேட்ட தம்பி தனி மெசேஜ்ல கேட்டான். கூச்சமே வேண்டாம். கவசம்னாலே போர்ல உடம்பைக் காக்க மாட்டிக்கற உலோகச் சட்டைதான். தேவராய சுவாமிகள் நமக்கு அதைச் சொல்லாலேயே செஞ்சு கொடுத்துட்டார், கந்த சஷ்டி கவசம்னு. தலை முதல் பாதம் வரைக்கும் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு வேலைக் காவல் வெச்சு. அதுக்குக் கிராம் கணக்கும் இல்லை, செய்கூலி சேதாரமும் இல்லை. தினமும் சொல்றவன் உடம்பு முழுக்க வேல் அணிஞ்சவன்.

இந்தக் கிருத்திகைக்கு ஒரு விரதம்

எல்லாருமா சேர்ந்து ஒண்ணு செய்வோம். இந்தக் கிருத்திகை அன்னைக்குக் காலையில குளிச்சிட்டு, வேல் டாலர் இருக்கறவங்க கையில எடுத்துக்கோங்க, இல்லாதவங்க நெஞ்சுல கை வெச்சுக்கோங்க. அன்னைக்கு ஒருநாள் வாய்ப்பூட்டு போட்டுக்குவோம். வெள்ளியில இல்லை, மனசால. வீட்டுலயோ ஆபீஸ்லயோ போன்லயோ கோபத்துல ஒரு பதில் வாய் வரைக்கும் வரும். விரல் நுனி வரைக்கும் வரும். அந்த ஒரு அடியை நெஞ்சுல வாங்கிக்கோங்க. திருப்பி வீசாதீங்க. வலிக்கும். வலிச்ச இடத்துல ஒரு சின்னத் தடம் விழும். அது தணிகையான் போட்டிருக்கற அதே நகை.

சாயங்காலம் வீட்டுல உங்களுக்காகக் கழுத்தும் கையும் காலியா இருந்தவங்க பக்கத்துல போய் உட்காருங்க. பெரிசா எதுவும் பேச வேண்டாம். "சாப்பிட்டீங்களா?"ன்னு கேளுங்க, போதும்.

நம்ம எல்லாருடைய சூட்டையும் தணிகை மலையான் தணிக்கட்டும். தணிஞ்ச நெஞ்சைத் தன் மார்புல அணியா அவர் ஏத்துக்கட்டும்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!
வள்ளி மணாளனுக்கு அரோகரா!
திருத்தணி முருகன் துணை.